பாவ்லோவ்ஸ்க் ரயிலடியில் ஒரு கச்சேரி

"என்னடா இது, மாவு மில்லுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு?"

அம்மா கேட்ட கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால் லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது செர்கே புரோகோஃபியேவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ, அதாவது ஒரு பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அதில் இரண்டாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோவில் வலது கையும் இடது கையும் ஒரே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கின்றன. ஒரு கைக்கு ஏறத்தாழ 1500 ஸ்வரம். ஓய்வு கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். மாவு மில் என்பது மோசமான உவமை இல்லை. சொல்லப்போனால் நான் படித்த பல விமர்சனங்களைவிடத் துல்லியம்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல ஒருத்தர் எழுதினதும்மா."

"அப்ப கேட்டவங்க என்ன சொன்னாங்க?"

அப்போது கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பத்திரிகையிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல சத்தத்தை எங்கள் வீட்டுக் கூரைமேல் பூனைகள் போடும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த 'பாத்தியா' சில வாரங்கள் என்னைத் தொந்தரவு செய்தது. மேற்கத்திய இசை வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பூனைக் கதை என்றால் உயிர். மேதை வருகிறான், மூடர்கள் சீறுகிறார்கள், காலம் மேதையின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. கேட்பதற்குச் சுகமான கதை, ஏனென்றால் கதையைப் படிக்கும் நாம் எப்போதும் மேதையின் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்போம். எனக்கு அன்றைக்கு அந்த அரங்கில் சீறியவர்களின் வரிசையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

தேதி 1913 செப்டம்பர் 5. ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியில் இருந்ததால் அவர்களுக்கு அது ஆகஸ்ட் 23. இடம் பாவ்லோவ்ஸ்க், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர். அரங்கம் என்று சொன்னேனே, அது ஒரு ரயில் நிலையம்.

ரஷ்யாவின் முதல் ரயில் பாதை 1837இல் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சார்ஸ்கோயே செலோவுக்கும் நடுவே திறந்தது. அடுத்த ஆண்டு பாவ்லோவ்ஸ்க் வரை நீண்டது. போட்டவர் கெர்ஸ்ட்னர் என்ற பொறியாளர். பாதை போட்டாயிற்று, ஆனால் அந்தக் கடைசி ஊரில் அரண்மனையும் பூங்காவும் தவிர என்ன இருக்கிறது? அங்கே போக ஜனங்களுக்குக் காரணம் வேண்டுமே. அதனால் நிலையத்தோடு சேர்த்துச் சாப்பாட்டுக் கூடமும் இசைக் கூடமும் கட்டினார்கள். லண்டனில் வாக்ஸ்ஹால் என்றொரு கேளிக்கைத் தோட்டம் அந்தக் காலத்தில் பிரபலம். அந்தப் பெயரை வைத்தே இதை 'வக்ஸால்' என்றார்கள். ரயில் நிலையத்துக்கு இன்றுவரை ரஷ்ய மொழியில் அதுதான் சொல். ஒரு நாட்டில் ரயில் நிலையம் என்ற சொல்லே கச்சேரி மண்டபத்திலிருந்து வந்தது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏனோ பொறாமையாக இருந்தது.

அந்தக் கூடத்தில் வியன்னாவின் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1856இலிருந்து பத்து வருடம் கோடைதோறும் வந்து வால்ஸ் வாசித்தார். வாசித்தது ஆர்கெஸ்ட்ரா, பணம் ரயில் கம்பெனியுடையது. கோடைக்கு ஊருக்கு வெளியே மரவீடுகளில் தங்கும் பீட்டர்ஸ்பர்க் குடும்பங்கள் சாயங்காலம் நடை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டு, கொஞ்சம் இசை கேட்டு, ரயில் பிடித்துத் திரும்பும் இடம் அது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அங்கே கனமான நிகழ்ச்சிகளும் நடந்தன என்றாலும், வந்தவர்களின் மனசு என்னவோ கோடை மனசுதான். சீறியவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்தவனிடம் திடீரென்று கணக்குப் பரீட்சை வைத்தால் அவன் என்ன செய்வான்?

சரி, பரீட்சை வைக்க வந்தவனைப் பார்ப்போம். (இருபத்திரண்டு வயதுக்காரனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பட்டம் வாங்கட்டும், பிறகு மரியாதை கொடுத்துக்கொள்ளலாம்.)

1891இல் இன்றைய உக்ரைனில் உள்ள சோன்ட்ஸோவ்கா என்ற கிராமத்தில் பிறந்தவன். அப்பா பண்ணையை நிர்வகித்த வேளாண் நிபுணர். அம்மா மரியா நன்றாகப் பியானோ வாசிப்பார், பையனுக்கு முதல் குருவும் அவரே. ஐந்து வயதில் அவன் செய்த முதல் உருப்படிக்கு 'இந்திய கேலப்' என்று பெயர். கேலப் என்பது குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுவது போன்ற ஒரு நடனம். இந்தியா எங்கே வந்தது? அப்போது இந்தியாவில் பஞ்சம். பெரியவர்கள் செய்தித்தாளைப் படித்துவிட்டு வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைப் பையன் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் சம்பந்தம். பஞ்சத்துக்கும் குதிரை நடனத்துக்கும் என்ன பொருத்தம் என்று ஐந்து வயதுக்காரனிடம் கேட்க முடியாது. அந்த உருப்படியில் ஒரு வேடிக்கை உண்டு. எஃப் மேஜரில் எழுதப்பட்டது, ஆனால் அந்த மேளத்தில் வர வேண்டிய பி ஃபிளாட் இல்லை. கறுப்புக் கட்டையைத் தொட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை என்று பின்னாளில் தன் சுயசரிதையில் அவனே எழுதினான். கறுப்புக் கட்டைக்குப் பயந்த அதே பையன் பதினேழு வருஷம் கழித்து அந்தக் கட்டைகளை என்ன பாடு படுத்தினான் என்பதற்குத்தான் வருகிறேன்.

பதின்மூன்று வயதில், 1904இல், பீட்டர்ஸ்பர்க் கன்செர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. இவனுக்கு முன்னால் போனவர் தாடி வைத்த ஒரு பெரியவர், கையில் பியானோ பகுதிகூட எழுதாத ஒரே ஒரு பாட்டு. அடுத்து நம் ஆள் இரண்டு கனத்த கோப்புகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நுழைகிறான். உள்ளே நான்கு ஆபெரா, இரண்டு சொனாட்டா, ஒரு சிம்ஃபனி, போதாததற்குப் பியானோத் துண்டுகள். தேர்வுக்குழுவில் இருந்த பெரிய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ், "இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்றாராம்.

உள்ளே போனபின் வகுப்பில் அவனோடு படித்தவர்களுக்கு அவனைப் பிடித்ததாகத் தெரியவில்லை. அதற்குக் காரணமும் நியாயமானது. ஹார்மனி வகுப்பில் யார் யார் எத்தனை தப்புச் செய்தார்கள் என்று புள்ளிவிவரம் எழுதி வைத்திருந்தான். நம் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருந்திருப்பான், பேர் சொல்ல வேண்டாம். நண்பனாக நிலைத்தவர் இவனைவிடப் பத்து வயது மூத்த மியாஸ்கோவ்ஸ்கி. ஆசிரியர் லியாதோவ் ஒருநாள் பொறுக்க முடியாமல், என்னிடம் எதற்குப் படிக்கிறாய், ரிச்சர்ட் ஸ்ட்ராஸிடம் போ, டெபுஸியிடம் போ என்று சொல்லிவிட்டார். எங்கேயாவது ஒழிந்து போ என்பதன் இசைவடிவம்.

அவனுடைய அரங்கேற்றம் என்று சொல்லத்தக்கது 1908 டிசம்பர் 31 அன்று நடந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் 'சமகால இசை மாலைகள்' என்றொரு சின்ன வட்டம் 1901இலிருந்து இயங்கிவந்தது. கூட்டம் பெரிதாக வராது, வருகிறவர்கள் புதுமைக்குத் தவம் கிடப்பவர்கள். பதினேழு வயதுப் பையன் அங்கே தன் சிறு பியானோத் துண்டுகளை வாசித்தான். கடைசியில் 'நவஷ்தேனியே'. பேய் பிடித்து ஆட்டுவது என்று அந்த ரஷ்யச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். பியானோவின் அடிமட்டத்தில் மெல்ல ஒரு உறுமல் கிளம்பி, தாளமாக மாறி, ஆணி அடிப்பதுபோல் அடித்துவிட்டுத் திரும்ப இருட்டுக்குள் போய்விடும். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அங்கே வந்திருந்த கூட்டத்துக்கு அது பிடித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக இளம் பியானோக்காரர்கள் ஷோபனும் லிஸ்ட்டும் வாசித்துப் பெயர் எடுத்துவிட்டு, இடையே கூச்சத்தோடு சொந்த உருப்படி ஒன்றைச் செருகுவார்கள். இவன் ஆரம்பத்திலிருந்தே சொந்தச் சரக்கு. விதிவிலக்காக 1911இல் அதே மேடையில் ஷோன்பெர்க்கின் பதினொன்றாம் எண் பியானோத் துண்டுகளை வாசித்தான். ரஷ்யாவில் ஷோன்பெர்க்கை முதலில் மேடையேற்றியது அவன்தான். அதைக் கேட்டு அந்தப் புதுமைக் கூட்டமே சிரித்தது.

விரல்கள்? 1909இல் இசையமைப்புப் படிப்பை முடித்துவிட்டுப் பியானோவுக்காக அன்னா யெசிப்போவாவிடம் சேர்ந்தான். லெஷெட்டிஸ்கியின் மாணவி, ஐரோப்பா முழுக்க வாசித்துப் பேரெடுத்தவர், மணியான தொனிக்குப் பெயர் போனவர். தேர்வுக் குறிப்பேட்டில் அந்த அம்மாள் எழுதியது: என் முறையைக் கொஞ்சமே உள்வாங்கியிருக்கிறான், மிகுந்த திறமை, ஆனால் கொஞ்சம் முரடு. ஆசிரியை ஒருவர் மாணவனைப் பற்றி இத்தனை சுருக்கமாகவும் இத்தனை சரியாகவும் எழுதி நான் பார்த்ததில்லை.

1910இல் அப்பா இறந்தார். பண்ணை வருமானம் போயிற்று. யூர்கென்சன் பதிப்பகம் அடுத்த ஆண்டு முதல் சொனாட்டாவை அச்சிட ஒப்புக்கொண்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். திமிர் பிடித்த பணக்காரப் பையனின் விளையாட்டு என்று பலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. திமிர் இருந்தது, மறுக்கவில்லை.

1912 ஆகஸ்ட் 7, மாஸ்கோ, சகோல்னிகி பூங்கா. முதல் பியானோ கான்செர்ட்டோ, சராஜேவ் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படைப்பு. ஆர்கெஸ்ட்ராவும் பியானோவும் சேர்ந்து ஏறும் பெரிய பல்லவி ஒன்று தொடக்கத்தில் வரும், நடுவில் வரும், முடிவிலும் வரும். இதுதான் அதன் மூன்று தூண். அடுத்த சில நாளில் பாவ்லோவ்ஸ்கிலும் வாசித்தான். விமர்சகர் சபனேயெவ் அதை இசை என்று அழைப்பதே கஷ்டம் என்றார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார். ஆனால் ரசிகர்கள் அதை ஒருவாறு ஜீரணித்துக்கொண்டார்கள். நீளம் குறைவு, உற்சாகம் அதிகம், ஏதோ இளமைத் துடுக்கு என்று விட்டுவிடலாம். அவன்மேல் வந்த புகாரும் அதுதான்: ஆழம் இல்லை, கால்பந்து ஆடுகிறான்.

அதற்குப் பதிலாகத்தான் இரண்டாவது கான்செர்ட்டோ.

ஆகவே மறுபடி ரயிலடி. அஸ்லானோவ் நடத்துகிறார். மேடைக்கு வந்தவனைப் பீட்டர்பர்க்ஸ்காயா கஸேட்டா நாளிதழ்க்காரர் ஒரு பள்ளிக்கூட மாணவனைப் போலிருந்ததாக எழுதினார். உட்கார்ந்து, கட்டைகளைத் துடைக்கிறானா, இல்லை எந்தக் கட்டை என்ன சத்தம் போடுகிறது என்று சோதிக்கிறானா என்று தெரியாத மாதிரி, காய்ந்த கூர்மையான விரல்களோடு ஆரம்பித்தான். கூட்டத்துக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு ஜோடி எழுந்து வாசலை நோக்கி நடந்தது. இந்த இசை பைத்தியம் பிடிக்க வைக்கும் என்றார் ஒருவர். நம்மைக் கிண்டல் செய்கிறானா என்றார் இன்னொருவர். நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. பித்தளை வாத்தியங்களின் இரக்கமில்லாத மோதலோடு படைப்பு முடிந்ததும் பாதி அரங்கம் சீறியது. பூனைகள் வந்தது இங்கேதான். மறுபக்கம் நவீனர்கள் மெய்ம்மறந்து, மேதை என்றும் என்ன புதுமை என்றும் கத்தினார்கள்.

அவன் என்ன செய்தான்? குனிந்து வணங்கினான். திரும்ப உட்கார்ந்தான். யாரும் கேட்காத ஒன்ஸ்மோரை வாசித்தான்.

இந்த ஒரு செய்கைக்காகவே எனக்கு இவனைப் பிடிக்கும். கோபமாக எழுந்து போயிருக்கலாம், கண் கலங்கியிருக்கலாம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பீட்டர்ஸ்பர்க்கில் இசையமைப்பாளர் ராஹ்மனினோவின் முதல் சிம்ஃபனி தோற்றபோது அந்த மனிதர் மூன்று வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமே எழுத முடியாமல் முடங்கினார். அது மனித சுபாவம். சீறுகிற கூட்டத்துக்கு நிதானமாக இன்னொன்று வாசித்துக் காட்டுவது வேறு ரகம்.

படைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நான் கேட்டதை வைத்து. முதல் பகுதி மிக மெதுவாக, ஒரு கதைசொல்லி தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல் ஆரம்பிக்கும். சில நிமிடங்களில் ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிவிடும். அதன்பின் பியானோ தனியே. மேற்கத்திய கான்செர்ட்டோவில் இதற்குக் கடென்ஸா என்று பெயர். நம் கச்சேரிக்காரர்களுக்குத் தனி ஆவர்த்தனம் என்றால் சட்டென்று பிடிபடும், ஒரு வித்தியாசத்தோடு: தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் நம்மை எங்கோ கூட்டிப்போய் மோரா, கோர்வை வைத்துப் பல்லவியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார், நாமும் தொடையில் தாளம் போட்டபடி இறங்குவோம். இங்கே அப்படி இறங்கும் படிக்கட்டு கிடையாது. ஏறத்தாழ ஐந்து நிமிடம், பகுதியின் பாதி நேரம், பியானோ ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு வரி போதாமல் மூன்று வரியில் ஸ்வரம் எழுத வேண்டியிருக்கிறது. உச்சியில் அவன் எழுதிய குறிப்பு 'கொலொஸாலே'. பிரம்மாண்டமாக. அதற்கும் மேலே போக இடமில்லை என்று நாம் நினைக்கும்போது, தொடக்கத்தில் தந்திகள் விரல்நுனியால் கிள்ளி வாசித்த அந்தச் சின்னத் துணுக்கைப் பித்தளை வாத்தியங்கள் முழு பலத்தோடு தலையில் போடுகின்றன. இரண்டாம் பகுதி அம்மாவின் மாவு மில். மூன்றாவது, காலைத் தரையில் ஓங்கி மிதித்து நடக்கும் ஒரு பூதம். நான்காவதில் புயல், நடுவில் ஒரு தாலாட்டு போன்ற ரஷ்ய மெட்டு, மீண்டும் புயல்.

கோடை மாலையில், ஐஸ்கிரீமுக்குப் பிறகு.

இந்தப் படைப்பின் முகப்பில் மாக்ஸிமிலியன் ஷ்மிட்ஹோஃப் என்ற பெயர் இருக்கிறது. கன்செர்வேட்டரி நண்பன், ஒரு வயது இளையவன், செல்லமாக மாக்ஸ். 1913 ஏப்ரல் கடைசியில் பின்லாந்துக் காட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதற்கு முன் நண்பனுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். கடைசிச் செய்தி இது, அதிகம் வருந்தாதே, காரணங்கள் முக்கியமில்லை என்ற தொனியில் சில வரிகள். புரோகோஃபியேவ் அந்த நண்பனுக்கு இரண்டாவது சொனாட்டாவையும் இந்தக் கான்செர்ட்டோவையும், பிறகு நான்காவது சொனாட்டாவையும் காணிக்கையாக்கினான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தக் கடென்ஸாவை நண்பனுக்கான ஒப்பாரி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அழகான எண்ணம், ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. இசையின் பெரும்பகுதி மாக்ஸ் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. அவனே அதைக் கேட்டுமிருக்கலாம். துக்கம் எழுதியதில் இல்லை என்றால் வாசித்ததில் இருந்திருக்குமா? நான்கு மாதம் முன்பு நண்பனைப் பறிகொடுத்த ஒருவன், அவன் பெயர் போட்ட படைப்பை வாசித்து முடிக்கிறான், ஜனம் பூனை என்கிறது. அந்த ஒன்ஸ்மோரைத் திமிர் என்று மட்டும் எடுத்துக்கொள்ள இதன்பின் எனக்கு முடியவில்லை. வேறு என்ன என்று சொல்லவும் தெரியவில்லை.

விமர்சகர்களில் கராட்டிகின் ஒருவர்தான் அன்று துணிந்தார். ஜனம் சீறியது, பரவாயில்லை. பத்து வருடம் கழித்து இதே ஜனம் ஐரோப்பியப் புகழ் பெற்ற ஒரு இசையமைப்பாளருக்கு ஒருமனதாகக் கைதட்டிப் பிராயச்சித்தம் செய்துகொள்ளும் என்று எழுதினார். பத்து வருடம். இந்த எண்ணையும் மனதில் வையுங்கள்.

அடுத்த வசந்தத்தில் கன்செர்வேட்டரியின் ரூபின்ஸ்டைன் பரிசுப் போட்டி. முதல் பரிசு ஷ்ரோடர் கம்பெனியின் கிராண்ட் பியானோ. விதிப்படி பழைய இசையமைப்பாளர் ஒருவரின் கான்செர்ட்டோ வாசிக்க வேண்டும். நம் ஆளின் கணக்கு சதுரங்கக்காரனின் கணக்கு. பழையதை வாசித்தால் மற்றவர்களோடு ஒப்பிடுவார்கள், அதில் எனக்கு மேலே ஆள் இருக்கலாம். என் சொந்த முதல் கான்செர்ட்டோவை வாசித்தால் யாரோடு ஒப்பிடுவார்கள்? அனுமதி கிடைத்தது, நடுவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அச்சுப் பிரதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. யூர்கென்சன் நேரத்துக்கு அச்சடித்துக் கொடுத்துவிட்டார். மேடை ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது இருபது மடிகளில் விரித்து வைக்கப்பட்ட தன் கான்செர்ட்டோ என்று சுயசரிதையில் எழுதுகிறான். அப்போதுதான் அச்சில் வரத் தொடங்கியிருந்த ஒருவனுக்கு அது மறக்க முடியாத காட்சி என்கிறான். திமிருக்கு அடியில் இப்படியொரு குழந்தை எட்டிப் பார்ப்பது அபூர்வம், அதனால் குறித்துக்கொண்டேன்.

எதிரில் நின்றவர்களில் வலுவானவர் நதேஷ்தா கலுபோவ்ஸ்காயா. இருவரும் ஒருவரையொருவர் விரல் எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்துக்கொண்டார்களாம். முடிவுக்காகக் காத்திருந்த நீண்ட நேரத்தில் சதுரங்கம் ஆடினான். உள்ளே இளைய ஆசிரியர்கள் இவன் பக்கம், லியாதோவும் இயக்குநர் கிளாஸுனோவும் எதிர்ப்பக்கம். யெசிப்போவா நோய்ப்படுக்கையில். பெரும்பான்மை இவன் பக்கம் சாய்ந்துவிட, இந்தத் தீய போக்குக்குப் பரிசு என்று நான் அறிவிக்க மாட்டேன் என்று கிளாஸுனோவ் முரண்டு பிடித்தார். பிறகு வேறு வழியில்லாமல் எந்த உணர்ச்சியுமற்ற குரலில் முடிவை வாசித்தார்.

பட்டம் வாங்கியாயிற்று. இனி 'அவர்'.

அம்மா மரியா பரிசாக லண்டன் பயணத்துக்குப் பணம் கொடுத்தார். மகன் அங்கே பாலே நிறுவனம் நடத்திய தியாகிலெவுக்கு அந்தப் பூனைக் கான்செர்ட்டோவை வாசித்துக் காட்டினார். 1915 மார்ச் 7 அன்று ரோமில் மொலினாரி நடத்த, அதே படைப்பு. வெளிநாட்டில் அவருடைய முதல் மேடை அது.

அடுத்த இரண்டு வருடத்தைப் பற்றி வேகமாக இரண்டு கதைகள், விட மனமில்லாததால். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1915இல் இறந்தபின் அவர் படைப்புகளை ராஹ்மனினோவ் நினைவுக் கச்சேரியில் வாசித்தார். ஸ்க்ரியாபின் வாசித்தால் எல்லாம் மேலே பறக்கும், ராஹ்மனினோவ் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தரையில் அழுத்தமாக நிற்கும் என்பது புரோகோஃபியேவ் சொன்ன வித்தியாசம். ஸ்க்ரியாபின் பக்தர்கள் கொதித்தார்கள், ஒரு பாடகரைக் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று நம்மவர் மேடைக்குப் பின்னால் போய், "எப்படியிருந்தாலும் நீங்கள் நன்றாகவே வாசித்தீர்கள்" என்றார். ராஹ்மனினோவ் புன்னகைத்து, "மோசமாக வாசிப்பேன் என்று நினைத்தீர்களோ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு நல்லுறவு முடிந்தது.

இரண்டாவது கதை சபனேயெவ். 1916 டிசம்பரில் மாஸ்கோவில் குஸெவிட்ஸ்கியின் கச்சேரியில் புரோகோஃபியேவின் 'ஸ்கைத்திய சூட்' இருப்பதாக அறிவிப்பு. போருக்கு ஆள் எடுத்ததில் வாத்தியக்காரர்கள் குறைந்து, அந்த உருப்படி நிகழ்ச்சியிலிருந்தே எடுக்கப்பட்டது. மறுநாள் சபனேயெவின் விமர்சனம் வெளிவந்தது: காட்டுமிராண்டி இசை, ஆசிரியரே காட்டுமிராண்டி உற்சாகத்தோடு நடத்தினார் என்று. புரோகோஃபியேவ் ஒரு கடிதம் எழுதினார். நான் மாஸ்கோவில் நடத்தவில்லை, என் படைப்பு வாசிக்கப்படவில்லை, விமர்சகர் அதைப் படித்திருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. கச்சேரிக்குப் போகாமல் விமர்சனம் எழுதுவது உலகளாவிய கலை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு ஆறுதல்.

1918இல் சைபீரிய ரயில் ஏறி, டோக்கியோவில் கச்சேரி செய்து, கப்பலில் அமெரிக்கா போனார். நியூயார்க் ஏயோலியன் அரங்கில் நவம்பர் 20 அன்று தனிக் கச்சேரி. எஃகு விரல், எஃகு மணிக்கட்டு என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே அவர் ஒரு காட்சிப்பொருள் ஆகிவிட்டார், அந்தக் கட்டம் எனக்கு அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

நான் சொல்ல வந்தது பெட்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்குக்கு அப்போதைய பெயர்) அவர் விட்டுவிட்டுப் போன வீட்டைப் பற்றி. புரட்சியும் உள்நாட்டுப் போருமான அந்த வருடங்களில் இரண்டாவது கான்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதி அந்த வீட்டில் எரிந்துபோனது. அச்சில் வந்திருக்கவில்லை. வேறு பிரதி இல்லை. 1923இல் பவேரியாவில் ஏட்டல் என்ற கிராமத்தில் இருந்தபோது, மிஞ்சிய பியானோ வரைவை வைத்துத் திரும்ப எழுதினார். அதற்குள் மூன்றாவது கான்செர்ட்டோவையும் எழுதி முடித்திருந்தார், கை பழகியிருந்தது. இதை நான்காவது என்றே சொல்லலாம், அந்த அளவுக்கு மாற்றிவிட்டேன் என்று நண்பர்களுக்குத் தெரிவித்தார். 1924 மே 8 அன்று பாரிஸில் குஸெவிட்ஸ்கி நடத்த வாசித்தார். இன்று உலகமெங்கும் வாசிப்பது இந்தப் படைப்பு. என் லேப்டாப்பில் ஓடியதும் இதுவே.

கராட்டிகின் சொன்ன பத்தாவது வருடத்தில் கைதட்டுவதற்கு அந்தக் கான்செர்ட்டோவே இல்லை. சாம்பல்தான் இருந்தது.

அதாவது பூனைகள் என்று கத்தினார்களே, அந்த ஜனம் கேட்ட இசையை அந்தக் காலத்துக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நான் மேலே அளந்துவிட்ட மூன்று வரி ஸ்வரம், 'கொலொஸாலே', எல்லாம் 1923இன் பிரதியில் உள்ளவை. அந்த ரயிலடியில் எது இருந்தது, எது இல்லை? ஆர்கெஸ்ட்ரா எழுத்து அன்று எவ்வளவு பக்குவமாக இருந்தது? ஒருவேளை ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்த அந்தக் குடும்பஸ்தர்கள் சொன்னதில் கால்வாசி நியாயம் இருந்ததோ என்னவோ. வேறொரு படைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைக் காது கேளாதவர்கள் என்று நூறு வருடமாக நாம் கேலி செய்துகொண்டிருக்கிறோம். சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான், அவர்கள் சாட்சியைத்தான் நாம் ஏற்கவில்லை. அந்த வக்ஸாலும் இல்லை, இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது.

புரோகோஃபியேவ் இரண்டாவது கான்செர்ட்டோவைத் தட்டில் பதியவும் இல்லை. 1932இல் லண்டனில் மூன்றாவதைப் பதிந்தார். ஆனால் 1935இல் பாரிஸில் சில தனித் துண்டுகளைப் பதிந்தபோது அவற்றில் ஒன்று 'நவஷ்தேனியே'. பதினேழு வயதில் அரங்கேற்றத்தன்று வாசித்தது, நாற்பத்து மூன்று வயதுக் கைகளில். போன வாரம் தேடிப் பிடித்துக் கேட்டேன். எஃகு எதுவும் கேட்கவில்லை. வேகமாக, காய்ந்து, கிட்டத்தட்ட அலட்சியமாக, பெடலை அதிகம் மிதிக்காமல் வாசிக்கிறார். இன்று போட்டிகளில் இதை வாசிக்கும் பிள்ளைகள் பியானோவை உடைத்துவிடுவார்கள் போலிருக்கும். இவர் அப்படி இல்லை. யெசிப்போவா அம்மாளின் முறையைக் கொஞ்சம் கூடுதலாகவே உள்வாங்கியிருக்கிறார் என்று தோன்றியது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

"இதும் அந்தப் பையன்தானா?"

"ஆமாம்மா. அவரே வாசிச்சது."

"சின்னதா முடிஞ்சுருச்சே" என்றார். அது புகாரா பாராட்டா என்று கேட்டேன். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஹெட்போனை எப்போது சரி செய்யப் போகிறாய் என்றார்.